ஆயிரம் டாலர் பெரிதா, ஐயாயிரம் டாலர் பெரிதா?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். நாம்தான் வெளிநாட்டுக்காரர் ஆயிற்றே, நம்மிடம் எதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேட்' என்று வெளிமாநிலக் கட்டணம் கேட்கிறார்கள்? எனக்கும் வந்தது.

விஷயம் எளிதுதான். அங்கே அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அரசின் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்துக்காரர்கள் கட்டும் வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதனால் அவர்கள் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. மற்றவர்கள் எல்லாருமே வெளியாட்கள். கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குப் படிக்க வரும் பையனும் கோவில்பட்டியிலிருந்து போன நானும் ஒரே வரிசை! அவனாவது அங்கேயே வேலை, வீடு என்று நிஜமாகக் குடியேறி ஒரு வருஷம் ஆகிவிட்டால் உள்ளூர்க்காரன் ஆகலாம். எஃப்-1 விசாவில் போன எனக்கு அந்த வழியும் கிடையாது. எத்தனை வருஷம் இருந்தாலும் படிக்க வந்தவன்தான்.

மிச்சம் இருக்கும் ஒரே வழி ஸ்காலர்ஷிப். பல்கலைக்கழகங்கள் ஏன் வெளியாளுக்குக் காசு கொடுக்கின்றன? தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவன் கிடைக்கிறான்; தள்ளுபடி போக மீதிக் கட்டணமும் கிடைக்கிறது. அலபாமா பல்கலைக்கழகம் இதற்குப் பேர் போனது. இளநிலைப் படிப்பில், பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண்ணையும் வைத்து, இவ்வளவு வாங்கினால் இவ்வளவு தொகை என்று அட்டவணையே போட்டு வெளிமாநிலத்தாரை இழுத்தார்கள். இன்று அங்கே இளநிலை மாணவர்களில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர்கள். மேற்கு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் டபிள்யூ.யூ.இ. திட்டம் இன்னொரு வகை. அந்த மாநிலங்களின் இளநிலை மாணவர்கள், திட்டத்தில் சேர்ந்த பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்தைப் போல அதிகபட்சம் ஒன்றரை மடங்கு கட்டினால் போதும்.

இனி என் கதை. இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் வருஷத்துக்கு 5,000 டாலர் ஸ்காலர்ஷிப். இன்னொன்று டெக்சாஸிலிருந்து, வெறும் 1,000 டாலர். மாமா ஐயாயிரத்தைக் கேட்டதும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் டெக்சாஸ் கடிதத்தில், தொகைக்குக் கீழே, சின்னதாக இன்னொரு வரி இருந்தது: 'உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதியுடையவர்.'

டெக்சாஸ் சட்டத்தில் இப்படி ஒரு விதி உண்டு. உள்ளூர் மாணவர்களோடும் போட்டி போட்டு, பல்கலைக்கழகம் அங்கீகரித்த குழுவின் கையால் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கிவிட்டால், வெளியாளிடமும் உள்ளூர்க் கட்டணமே வாங்கலாம். 'வாங்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'வாங்க வேண்டும்' என்று இல்லை. மொத்த மாணவர்களில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகையைக் கொடுக்கவும் முடியாது. ஆகவே ஆயிரம் டாலர் கிடைத்த எல்லாருக்கும் இது தானாக வந்துவிடாது. கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கர். வங்கிக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் போகப்போகிறது என்பதால் அவருக்குத் தூக்கமே இல்லை. (வெளிநாட்டுப் படிப்புக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்து கேட்கும்.) கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். புரிவதற்காக எண்களை ரவுண்டாகச் சொல்கிறேன்.

இரண்டு இடத்திலும் வெளியாள் கட்டணம் 22,000. முதல் இடத்தில் ஐயாயிரம் போக மீதி 17,000. டெக்சாஸில் உள்ளூர்க் கட்டணம் 11,000. அதில் ஆயிரம் போக 10,000. இரண்டு வருஷத்துக்கு 14,000 டாலர் வித்தியாசம்!

அப்பா தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இது ஆயிரம் இல்லைலே, பன்னிரெண்டாயிரம்லா" என்றார். பத்திரம் வங்கிக்குப் போவதை இந்தக் கணக்கு தடுக்கவில்லை. ஆனால் கடன் தொகை குறைந்தது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட்டார் என்று அம்மா சொன்னாள்.

இத்தோடு சுபம் போட்டுவிட முடியாது. ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்குத்தான். ஜி.பி.ஏ. குறைந்தால் ஆயிரம் டாலர் மட்டும் போகாது, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த உள்ளூர்க் கட்டணமும் போய்விடும். என் அறைத்தோழன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. பாடங்களைக் குறைத்துக்கொண்டு செலவைச் சமாளிக்கலாம் என்றால் எஃப்-1 விசாக்காரன் முழுநேர மாணவனாக இருந்தே ஆகவேண்டும். ஊரில் அவன் அப்பா ஒரு மனையை விற்றுப் பணம் அனுப்பினார். அதிலிருந்து எனக்கு ஒவ்வொரு பரீட்சைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. நல்ல வேளையாக இன்னொரு கதவும் உண்டு. டெக்சாஸில் உங்கள் படிப்பு சம்பந்தப்பட்ட துறையில் அரை நேர டீச்சிங் அல்லது ரிசர்ச் அசிஸ்டெண்ட் வேலை கிடைத்தாலும் உள்ளூர்க் கட்டணம்தான். அடுத்த செமஸ்டருக்காக நான் இப்போது பேராசிரியர்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கையில் கடிதம் வந்தால் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு இவற்றைக் கேளுங்கள்: இது எத்தனை வருஷத்துக்கு? எந்த ஜி.பி.ஏ.வுக்குக் கீழே போனால் நிற்கும்? உள்ளூர்க் கட்டணமும் சேர்ந்து வருகிறதா? காப்பீடு, இதர கட்டணங்கள் போக நான் கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவு? ஐ-20 படிவத்தில் இந்தத் தொகையைக் காட்டுவீர்களா? (காட்டினால் வங்கியில் காட்டவேண்டிய பணம் அந்த அளவுக்குக் குறையும்.) உடனே பதில் சொல் என்று அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். மேற்படிப்பு நிதியுதவிக்கு ஏப்ரல் 15 வரை மாணவனுக்கு அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்களுடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் வந்ததும் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு அப்பாவோடு உட்காருங்கள். மாமாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.