சமையலறையில் ஒரு தீவு

டெக்ஸாஸில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். நான் போய் இறங்கிய சமயம், அவள் சமையலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ச் சமையலறைகளின் நடுவே எந்தச் சுவரையும் ஒட்டாமல் ஒரு மேடை நிற்கும். அதற்குத் தீவு என்று பெயர். காய் நறுக்குவது, விருந்தாளியை உட்கார வைத்து வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான்.

அந்தத் தீவை வைத்துத்தான் சண்டை மூண்டது. இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரை அதன்மேல் வைக்கத் தங்கைக்கு உத்தேசம். அதற்குக் கல்லுக்குக் கீழே, பக்கவாட்டுப் பலகையில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். பழைய தீவில் அப்படித்தான் இருந்தது. இனி அங்கே வைக்கக் கூடாது, சட்டம் மாறிவிட்டது என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார்.

"நீயே சொல்லண்ணா, என் வீட்டில் பிளக் எங்கே இருக்க வேண்டும் என்று சர்க்காரா சொல்வது?" என்றாள்.

நானும் அவள் கட்சிதான். இருந்தாலும், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்குச் சட்டம் படிக்கும் ஆசை மட்டும் விடுவதில்லை. அந்த மின்சார விதிநூல் 1897 முதல் இருக்கிறதாம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்டால்தான் அது சட்டம். சுவரோர மேடையில் எந்த இடமும் பிளக்குக்கு 24 அங்குலத்துக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்கிறது. சமையல் சாமான்களின் ஒயர் இரண்டடிதானே!

தீவு விஷயத்தில்தான் நூலுக்கே மனம் மாறியிருக்கிறது. 2020 பதிப்பில் பிளக் கட்டாயம். முதல் ஒன்பது சதுர அடிக்கு ஒன்று, அப்புறம் பதினெட்டுக்கு ஒன்று. கல்லுக்குக் கீழே பன்னிரண்டு அங்குலம் வரை இறக்கியும் வைக்கலாம். 2023 பதிப்பில் கட்டாயம் போய்விட்டது. வைத்தால் கல்லின்மேல் வை, அல்லது கல்லுக்குள்ளிருந்து எழும்பும் தினுசு வை. வைக்காவிட்டால் பிற்பாடு வைப்பதற்கு வழி செய்து வை. பக்கவாட்டில் மட்டும் கூடாது.

காரணத்தைப் படித்தபோது என் சிரிப்பு நின்றது. பக்கவாட்டில் செருகினால் ஒயர் கல்லின் விளிம்பில் தொங்கும். தவழ்கிற குழந்தை அதைப் பிடித்து இழுக்கும். மேலே கொதிக்கிற பாத்திரம் இருக்கும். அந்த ஊர் பிளக்குகளில் மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும் ஏற்பாடு உண்டு. வெந்நீர் கொட்டினால் அது என்ன செய்யும்?

மாயவரம் வீட்டுச் சமையலறையில் எங்களுக்கு ஒரே ஒரு பிளக். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா கிணற்றடியில் இருந்தாள். ஹார்லிக்ஸுக்கு வெந்நீர் போட எலெக்ட்ரிக் கெட்டிலைச் செருகினேன். ஒயர் எட்டவில்லை. மேஜையின் ஓரத்துக்கு இழுத்து வைத்துவிட்டு, கதைப் புத்தகத்தோடு திண்ணைக்குப் போய்விட்டேன். ஒயர் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தங்கைக்கு அப்போது மூன்று வயது.

அவள் இடது முன்கையில் வெற்றிலை அளவுக்கு இன்னும் தழும்பு இருக்கிறது. "குழந்தை இருக்கிற வீட்டில் கெட்டிலை அங்கேயா வைப்பாள் ஒருத்தி?" என்று பாட்டி சாகும்வரை அம்மாவைக் குத்திக்கொண்டிருந்தாள். அம்மா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. நானும்தான் பேசவில்லை. யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

அன்று ராத்திரி தங்கையிடம் சொன்னேன். அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தான்தான் வைத்ததாக அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறாளே, அண்ணா. அதுவும் நான் கேட்காமலே."

அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

மறுநாள் எலக்ட்ரீஷியன், தீவின் அலமாரிக்குள் ஒயரைக் கொண்டுவந்து, ஒரு பெட்டியில் சுருட்டி வைத்து மூடினார். கல்லுக்குள்ளிருந்து எழும்பும் தினுசும் வேண்டாமென்றாள் தங்கை, மாவு இறங்கிவிடுமாம். கிரைண்டரைச் சுவரோர மேடைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல கனம்.