அசையும் படத்தில் ஒரு முகம்

நமுனுகுல மலையடித் தோட்டங்களிலே, மறைந்த மூத்தோர் பலருக்குத் தனியாக எடுத்த நல்ல படம் கிடையாது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலையிடுகின்றோம், முகமோ கலங்கிவிடுகின்றது. ஆயினும், யாரோ ஓர் உறவினரின் திருமண வீடியோவிலே அப்பாயி தாம்பூலத் தட்டுடன் சிரித்து நிற்பார். அச்சிரிப்பைப் பிரித்தெடுத்தல் அரிதன்று.

கணினித் திரையை அப்படியே படம்பிடித்தால் பொத்தான்களும் எழுத்துக்களும் உடன் விழக்கூடும். பாரிஸ் மாணவர் 1996இல் தொடங்கிய திட்டத்தில் உருவான வி.எல்.சி. செயலியில் இதற்கு நல்ல வழியுண்டு. விண்டோஸ் கணினியில் வீடியோவை நிறுத்தி, ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்துக. முகம் தெளியும் கணத்தில் 'ஷிப்ட்', 'எஸ்' இரண்டையும் ஒருசேர அழுத்துக. வீடியோவின் சொந்த அளவிலேயே படம் சேமிக்கப்படும். மங்கிய வீடியோ இதனால் தெளிவுறாது, உள்ளதே கிடைக்கும். மலைநாட்டு ஈரத்தில் பழைய நாடாக்களைப் பூஞ்சணம் பற்றுமாதலால், அவற்றை முதலிற் கணினிக்கு மாற்றுதல் நன்று.

கல்லூரியிற் கற்பிக்கும் நாம் மாணவரை வேண்டுவது ஒன்றே: கணினி விளையாட்டில் வென்ற கணத்தைப் பதிந்துவைக்கும் உங்கள் விரல்கள் இதனையும் செய்யட்டும். பெரியோரிடம் கேட்டுப் பெயரையும் ஊரையும் ஆண்டையும் உடன் எழுதிவையுங்கள். பெயரறியா முகம் பேரப்பிள்ளைகளுக்கு அந்நியர் முகமே.