இரும்பை அமுக்கினால் என்ன ஆகும்?

சூப்பர் கண்டக்டர், பாடநூல் தமிழில் மீக்கடத்தி. போதுமான அளவு குளிரவைத்தால் மின்தடை சுத்தமாகப் பூஜ்யமாகிவிடும் பொருள். காந்தமும் இதுவும் மாமியார் மருமகள் மாதிரி. அதனால் இரும்பை யாரும் இந்தப் பக்கமே சேர்க்கவில்லை.

ஆனால் இரும்பை நன்றாக நசுக்கினால் அதன் அணு அடுக்கு மாறி, காந்தத்தன்மை போய்விடும். 2001-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்படி ஒன்றரை லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோய், 2 கெல்வின் வரை குளிரவைத்தார்கள். சாதாரண இரும்பே மீக்கடத்தி ஆனது!

2008-ல் டோக்கியோவில் ஹிதேயோ ஹொசோனோ குழு ஒரு இரும்பு ஆர்செனிக் சேர்மத்தில் ஃப்ளூரினைக் கலந்து 26 கெல்வினைத் தொட்டது. அழுத்தியதும் 43. அவ்வளவுதான், உலகமே இரும்பைத் தேடி ஓடியது.

இந்தக் குடும்பத்தில் கலப்படமில்லாத சேர்மங்களைக் குளிரவைத்தால் இரண்டு நடக்கும். சதுரமாக இருந்த அணு அடுக்கு லேசாக நீள்சதுரமாகும். இரும்பு அணுக்களின் குட்டிக் காந்தங்கள் எதிரெதிராக அணிவகுக்கும். அழுத்தினால் இரண்டும் கலைந்து மீக்கடத்தல் வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

கால்சியம் இரும்பு ஆர்செனைடில் அப்படித்தான் நடந்தது போலிருந்தது. 2008-ல் சில ஆயிரம் வளிமண்டல அழுத்தத்திலேயே, சுமார் 12 கெல்வினில், மீக்கடத்தல். சந்தோஷம். ஆனால் பொருளாதாரப் பாடத்தில் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று ஒரு வரி வருமே (பரீட்சையில் மட்டும் ஞாபகம் வரும் வரி), அது இங்கேதான் உதைத்தது. அழுத்தத்தைக் கடத்த ஊற்றிய திரவம் குளிரில் கல்லாக உறைந்துவிடுகிறது. இந்தப் படிகமோ அழுத்தினால் ஒரு திசையில் ஏறக்குறைய பத்து சதவீதம் பொசுக்கென்று சுருங்கக்கூடியது. உறைந்த திரவத்துக்குள் மாட்டிக்கொண்டு அது எப்படிச் சீராகச் சுருங்கும்? ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு.

2009-ல் வெளியான ஆய்வில், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் திரவத்துக்குப் பதில் ஹீலியத்தை வைத்துச் செய்தார்கள். அது உறைந்தாலும் மெத்தென்றுதான் இருக்கும், நாலாபுறமும் சமமாக அமுக்கும். படிகம் ஒழுங்காகச் சுருங்கியது, காந்தம் போனது, மீக்கடத்தல் மட்டும் வரவேயில்லை. முன்பு பார்த்தது, கோணல் அழுத்தத்தில் வெவ்வேறு அமைப்புகள் கலந்து கிடந்ததன் விளைவு. முதல் சோதனையில் இருந்தவர்களில் சிலர் இதிலும் இருந்தார்கள். தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே சோதித்துப் பார்க்கும் அந்தத் தைரியம், 43 கெல்வினை விடப் பெரிய விஷயம்.

இரும்பு செலினைடு இன்னும் வம்புக்காரன். அங்கே 90 கெல்வினில் அணு அடுக்கு மாறுகிறது, காந்த அணிவகுப்பு வருவதில்லை. அமுக்கினால்தான் அதுவே வருகிறது! கூடவே மீக்கடத்தலும் 8 கெல்வினிலிருந்து மேலே ஏறுகிறது. 2016-ல் வெளியான அளவீட்டில், சுமார் அறுபதாயிரம் வளிமண்டல அழுத்தத்தில் காந்தம் ஒடுங்கும் இடத்தில் அது 38-ஐத் தொட்டிருந்தது.