கோப்போலியில் நின்ற வண்டி

மும்பையிலிருந்து புனே நகருக்குச் செல்ல இந்நாளில் இரண்டு சாலைகள் உண்டு. 2002-ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பெற்ற விரைவுச் சாலையில் ஏறினால், நடுவே எந்த ஊரின் முகத்தையும் பாராமல் புனே போய்ச் சேரலாம். மற்றொன்று, பன்வேல், கோப்போலி, கண்டாலா, லோணாவ்லா என்று ஊர் ஊராகத் தொட்டுச் செல்லும் பழைய சாலை. சென்ற டிசம்பரில் நானும் என் தந்தையாரும் சென்றது பழைய சாலையில். இயற்கைக் காட்சியில் எனக்குள்ள ஈடுபாடு அதற்குக் காரணமன்று. எங்கள் வண்டி நின்றுவிட்டால், தள்ளிவிட நாலு பேராவது கிடைக்கும் சாலையாக இருக்கட்டும் என்ற முன்யோசனைதான்.

வண்டி 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. நம் சங்கத்து மூத்த அன்பர்களுக்கு இதனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தாதர் நிலையத்தில் பெட்டி படுக்கையுடன் இறங்கிய நம்மவர்களை மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் கொண்டு சேர்த்த கறுப்பு மஞ்சள் டாக்ஸி இவ்வண்டிதான். கடைசி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவாயிற்று. அதன் இருபதாண்டுத் தவணை 2023 அக்டோபரில் முடிந்தபோது அந்த டாக்ஸிகள் மும்பைத் தெருக்களிலிருந்து மறைந்தன. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களுள் நாங்களும் ஒருவர்.

அப்பா 1962-இல் திருநெல்வேலியிலிருந்து வந்து, ஒரு பட்டறையில் பிட்டராக வேலை பார்த்து, பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. இப்போது அவருக்கு வயது 84. காது மிகவும் மந்தம். புனேயில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க வேண்டும், நம் வண்டியிலேயே போக வேண்டும் என்றார். நானும் உடனே சம்மதித்தேன். உடனே சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. குர்லாவில் பழைய வண்டி வாங்கும் ஒருவரிடம் நான் விலை பேசி முடித்திருந்தேன். திரும்பி வந்ததும் வண்டியை ஒப்படைப்பதாக ஏற்பாடு.

என் மீதும் முழுக் குற்றமில்லை. மூன்று மாதங்களாக வண்டி படுத்திய பாடு கொஞ்சமன்று. ஓடும்போது நன்றாகவே ஓடும். சிக்னலில் காலை எடுத்தால் உடம்பெல்லாம் நடுங்கும், பிறகு அணைந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அழுத்துவார்கள். என் மனைவி அதில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள். பிளக் மாற்றினேன், பாயிண்ட் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன். வீட்டருகில் ஒரு பட்டறைக்காரர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தந்து, இதற்கும் சரிப்படாவிட்டால் புதிது வாங்கத்தான் வேண்டும் என்று கைவிரித்தார். பதிவைப் புதுப்பிக்கும் தவணை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பன்வேல் தாண்டும்வரை எப்படியோ வந்தோம். சுமார் 70 கிலோமீட்டர் வந்து கோப்போலி கடைத்தெருவில் ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிடக் காலை எடுத்தேன், வண்டி நின்றது. மறுபடி கிளப்பினால் பத்தடி, மறுபடி மௌனம்.

கோப்போலி, மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். லோணாவ்லாப் பக்கத்து ஏரிகளில் தேக்கிய நீரைப் பெருங்குழாய்களில் இறக்கி, டாட்டா கம்பெனியார் 1915-ஆம் ஆண்டிலேயே இங்கே மின்சாரம் எடுத்து பம்பாய் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் சஹ்யாத்திரி மலை சுவரைப்போல் எழுந்து நிற்கும். அந்தச் சுவரில் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறுவதுதான் போர்காட் மலைப்பாதை. 1830-இல் வண்டிகள் செல்லத் திறந்த பாதை அது. அதில் ஏற வேண்டிய எங்கள் வண்டியோ, ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

நின்ற வண்டிக்கு வைத்தியம் சொல்லாதவர் உலகில் இல்லை. “ஏர் லாக், பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடு” என்றார் ஒரு லாரி டிரைவர். இது வெறும் பேச்சன்று. இந்த வண்டிகளின் பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருப்பதால், ஏற்றத்தில் சூடேறிப் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாவது உண்டு. துணி போட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து கிளப்பினோம். ஓடிற்று. டிரைவர் வெற்றிப் புன்னகையுடன் என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அணைந்தது.

அதுவரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த அப்பா இறங்கி வந்தார். “எப்போது அணைகிறது?” என்று கேட்டார். காலை எடுத்தால் என்றேன். “காலையில் சோக் இழுத்திருந்தபோது?” அப்போது அணையவில்லை. “சோக்கை உள்ளே தள்ளியதும்?” வண்டி சூடாவதற்கு முன்பே நடுங்கிற்று. “அப்படியானால் சூட்டினால் வந்ததில்லை. ஆவி அடைத்திருந்தால் மிதிக்கும்போதுதான் முதலில் மூச்சுத் திணறும்” என்றார். ஈரத்துணி கழிந்தது.

பக்கத்தில் ஒரு சிறு பட்டறை. அங்கிருந்த மராட்டிய இளைஞன் இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்க மாட்டான். அப்பாவைக் “காகா” என்று அழைத்து, அவர் கேட்ட கருவிகளை எடுத்து நீட்டினான். ஐட்லிங் திருகைச் சற்று முடுக்கி, என்ஜின் அணையாமல் ஓடும்படி வைத்தார்கள். பிறகு ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொன்னார் அப்பா. எந்த வயரைக் கழற்றினால் என்ஜினின் ஓட்டத்தில் மாறுதல் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். (மின்னணுச் சாதனங்கள் நிறைந்த இக்காலத்து வண்டிகளில் அன்பர்கள் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம், வண்டிக்கும் கேடு, கைக்கும் கேடு.) அப்பாவால் ஓசையைக் கேட்க முடியாது. என்ஜினின் வால்வு மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான்கு வயர்களுக்கும் ஒரே அளவு இறங்கிற்று. “ஒருவன் குற்றமில்லை, நால்வருக்கும் பொதுவான இடத்தில் குற்றம்” என்றார்.

அடுத்து, சோக்கைக் கால்பங்கு இழுக்கச் சொன்னார். நடுக்கம் நின்றது. சோக் என்பது பெட்ரோலின் பங்கைக் கூட்டும் ஏற்பாடு. கூட்டினால் குணமாகிறதென்றால், கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம். இளைஞன் ஐட்லிங் ஜெட்டைக் கழற்றி ஊதிப் பார்த்தான்; கொஞ்சம் தூசி வந்தது, பெரிய மாறுதல் இல்லை. இக்காலத்துப் பெட்ரோலில் 20 சதவிகிதம்வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய கார்புரேட்டரில் கலவை சற்று மெலிவது இயல்புதான் என்றும், பழைய ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கும் என்றும் அவன் சொன்னான். ஆனால் அந்த மெலிவு நடுங்க வைக்குமே தவிர, இப்படி அணைக்காது என்பது அவன் கருத்து.

அப்பா என் பக்கம் திரும்பினார். “இதைக் கடைசியாக யார் கழற்றியது?”

நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வீட்டருகிலுள்ள பட்டறையைப் பற்றிச் சொன்னேன். கழற்றியதற்கு முன்பா, பின்பா அணையத் தொடங்கியது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். முன்பு நடுக்கம் மட்டுமே. அணையத் தொடங்கியது அதற்குப் பின்புதான். மூன்று மாதங்களாக இதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை.

தேநீர்க்கடையிலிருந்து ஒரு ஸ்பூனும் கொஞ்சம் தண்ணீரும் வந்தன. கார்புரேட்டர் மேனிபோல்டின்மேல் உட்காரும் இணைப்பைச் சுற்றித் துளித்துளியாக விட்டார்கள். (சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள், சூடான என்ஜினில் அது நெருப்போடு விளையாடுவது.) ஒரு பக்கத்தில் துளி விழுந்ததும் உள்ளே உறிஞ்சப்பட்டது, என்ஜின் ஒரு கணம் தடுமாறி நிதானித்தது. அப்பாவின் உள்ளங்கை அதை உணர்ந்தது. “அங்கேதான்” என்றார்.

கழற்றிப் பார்த்தோம். பழைய பேக்கிங்கையே திரும்ப வைத்து, இரண்டு நட்டுகளையும் பலங்கொண்ட மட்டும் முறுக்கியதில், அடித்தகட்டின் இரு காதுகளும் வளைந்து, நடுவே மயிரிழை இடைவெளி விழுந்திருந்தது. காலை எடுத்த நிலையில் கார்புரேட்டரின் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். நான்கு சிலிண்டர்களும் அந்த இடுக்கு வழியாகவே மூச்சு வாங்குவதால், அதற்குக் கீழே இழுப்பு மிகுதி. மயிரிழை வெடிப்பு வழியே புகும் வெறுங்காற்றே கலவையைக் கெடுத்துவிடும். மிதித்தால் தகடு திறந்து ஏராளமான காற்று நேர்வழியில் வரும். வெடிப்பு வழியே வருவது கணக்கில் நில்லாது. ஓடும்போது உத்தமனாகவும் நிற்கும்போது நோயாளியாகவும் வண்டி இருந்த மர்மம் இதுவே.

இளைஞன் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் எமரித் தாளை விரித்து, அடித்தகட்டைத் தேய்த்துச் சமன் செய்தான். பேக்கிங் தாளைத் தகட்டின்மேல் வைத்து, சிறு சுத்தியால் ஓரங்களைத் தட்டித் தட்டியே புதுப் பேக்கிங்கை வெட்டி எடுத்த அழகை நாள் முழுதும் பார்க்கலாம். பெட்ரோல் ரப்பர்க் குழாய்களையும் மாற்றினான். கூலி கேட்கவே கூச்சப்பட்டான். நான் கொடுத்ததில் பாதியை அப்பா பிடுங்கி, அதற்கு மேல் தம் பையிலிருந்து வைத்துக் கொடுத்தார்.

மலைப்பாதையில் லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஏறினோம். பாதி ஏற்றத்தில் ஷிங்ரோபா கோயில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு இம்மலையில் வழி காட்டிய ஆட்டிடையர் அவர் என்றும், வழி தெரிந்ததும் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும் இவ்வூர் மக்கள் சொல்கிறார்கள். போகும் டிரைவர்கள் காசு போட்டுச் செல்வது வழக்கம். நானும் நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. ஏற்றத்தில், சூட்டில், காலை எடுத்த நிலையில் அது நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கிப் போய்க் காசு போட்டார். வந்து, பானட்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மேலே, தைல விளம்பரத்தால் பெயர் பெற்ற அம்ருதாஞ்சன் பாலம் இருந்த இடத்தைக் காட்டினேன். 2020 ஏப்ரலில் அதை இடித்துவிட்டார்கள். அந்தத் தைலமும் பம்பாயில் 1893-இல் பிறந்து, பின்பு சென்னைக்குக் குடிபோனது. நாம் வந்த வழிக்கு எதிர்வழி.

லோணாவ்லாவில் சிக்கி வாங்கிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. பேசாமல் அணைத்துப் பைக்குள் போட்டேன்.

“குர்லாக்காரனா?” என்றார் அப்பா.

எனக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

“விற்பதானால் விற்றுக்கொள். ஓடுகிற வண்டியாக விற்க வேண்டும் என்றுதான் கிளம்பி வந்தேன்” என்று சொல்லிவிட்டு, கடலைச் சிக்கி இரண்டு பாக்கெட், எள்ளுச் சிக்கி ஒன்று என்று கடைக்காரரிடம் கணக்குச் சொல்லத் தொடங்கினார்.

புனே போய்ச் சேர இருட்டிவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று தங்கை கேட்டாள். கோப்போலியில் தேநீர் நன்றாக இருந்தது என்றார் அப்பா. குர்லாக்காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.