இரண்டாவது கியர்

வன்கொடுமை வழக்கு நடத்துவதைப் பற்றி நாம் நிறைய எழுதுகிறோம். எஃப்.ஐ.ஆர். போட வைத்தது, பிரிவுகளைச் சேர்க்க வைத்தது, ஜாமீனை எதிர்த்தது என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. சாட்சிகள் காலையில் வீட்டிலிருந்து கிளம்பி கோர்ட் வாசலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஒரு பழைய மாருதி 800-இன் கியர்பாக்ஸ் பற்றிய கதையாகவே வருகிறது. வரட்டும்.

எங்கள் பகுதியில் ஒரு காலனி. ஊரின் பெயரை எழுதவில்லை, அங்கிருக்கிறவர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகருக்கு நாற்பத்து மூன்று கிலோமீட்டர். காலையில் ஒரே டவுன் பஸ். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே தேதியில்தான் வாய்தா, அவர்களும் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். சாட்சி சொல்லப் போகிற கிழவி முன் சீட்டில், அவள் மருமகனை வெட்டியவன் பின் சீட்டில். அடிக்க வேண்டாம், மிரட்டக்கூட வேண்டாம். "இன்னா பெரியம்மா, கோர்ட்டுக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். இதற்கு முந்தைய வழக்கில் எங்களுக்கு மூன்று சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கோர்ட்டில் பிறழ்ந்ததாகத்தான் தீர்ப்பில் இருக்கிறது. அவர்கள் பிறழ்ந்தது பஸ்ஸில்.

பஸ் எல்லாருக்கும் பொது என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். 1997 ஜூன் 30-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். அதே 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் நடந்தது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. ஒரு பெயரை எடுப்பதற்காக எல்லாப் பெயரையும் எடுத்தார்கள்.

வாடகைக் கார் வைத்திருக்கிறவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். வாய்தா தேதியென்றால் வண்டி வேறு சவாரிக்குப் போய்விடும். அதனால் 2019-இல் நாங்களே ஒரு வண்டி வாங்குவது என்று முடிவானது. ஆசிரியர்கள் நான்கு பேர், ஒரு நர்ஸ், சென்னையில் பெயிண்ட் வேலை செய்யும் பையன்கள், மகளிர் குழுவில் மீந்த பணம் என்று சேர்த்து அறுபத்திரண்டாயிரம். அந்தப் பணத்துக்கு 2007 மாடல் மாருதி 800 கிடைத்தது. புரோக்கர் டவுனில் இருக்கிறவர். ஓட்டிப் பார்த்தபோது கியர் வழுவழுவென்று விழுந்தது, சத்தமே இல்லை. "டாக்டர் ஓட்டின வண்டிம்மா" என்றார். செகண்ட் ஹேண்ட் கார் எல்லாமே டாக்டர் ஓட்டினதுதான் போலிருக்கிறது.

பத்து நாள் போனது. இரண்டாவது கியர் கடிக்க ஆரம்பித்தது.

ஓட்டத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் கால் கிளட்சை மிதித்தால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறுகிறது. அந்த நேரத்தில் ஒரு பல்சக்கரத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தைச் சமப்படுத்துவதற்குப் பித்தளையில் ஒரு வளையம் உண்டு, சிங்க்ரோ ரிங். அது தேய்ந்தால் சமப்படாமலே பல்லும் பல்லும் மோதும். கர்ர்ர் என்று ஒரு சத்தம், கையில் ஒரு உதறல். எம்.ஏ.வில் கலைச்சொல்லாக்கம் ஒரு தாளாகப் படித்தேன். பல்லிணை, உரசிணைப்பி என்றெல்லாம் நல்ல சொற்கள் இருக்கின்றன. பட்டறையில் அவற்றைச் சொன்னால் டீ வாங்கி வரச் சொல்வார்கள். அங்கே "கியர் கடிக்குது"தான்.

அந்த ரோட்டில் இரண்டாவது கியர் தேவைப்படுகிற இடம் ஒன்றே ஒன்று. காலனியிலிருந்து ஏரிக்கரை ஏறி, ஊர்த்தெருவுக்குள் நுழைந்து, பிள்ளையார் கோயில் முனையில் திரும்ப வேண்டும். திருப்பத்திலேயே ஒரு வேகத்தடை. எதிரில் டீக்கடை. டீக்கடை பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் முதல் கியருக்கு வேகம் அதிகம், மூன்றாவதுக்கு இழுக்காது. இரண்டாவது விழவில்லையென்றால் வண்டி நின்றுவிடும். உள்ளே நான்கு சாட்சிகள்.

முதல் வாய்தாவுக்குப் போனபோது அந்த முனையில் கியர் கடித்தது. பெஞ்சில் ஒருத்தன் "பறக் காரு பல்லக் கடிக்குதுடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பின் சீட்டில் இருந்த கிழவி என் தோளில் கை வைத்து, "நீ ரோட்டப் பாரு கண்ணு" என்றாள். அப்படியே மூன்றாவதில் போட்டு, அரைக் கிளட்சில் இழுத்துக்கொண்டு போனேன். வண்டி உதறிக்கொண்டே போனது, நிற்கவில்லை. கோர்ட்டில் அன்றைக்கு நீதிபதி விடுப்பு.

அரைக் கிளட்சில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? கிளட்ச் பிளேட் உரசி உரசித் தேயும், கருகின நாற்றம் வரும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று போகும். எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பைபாஸ் ஓரமாகத் தகரம் போட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தவர். ஆறு வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும், கழற்றிய பாகங்களை டீசலில் கழுவுவதும்தான் வேலை. கூடச் சேர்ந்த ஊர்ப்பையன்களுக்கு இரண்டாம் வருஷமே கியர்பாக்ஸ் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இவருக்கு இல்லை. "கழுவிக் கழுவியே படிச்சேன் பாப்பா. கண்ண மூடிகினு பல்ல தொட்டா இது எந்த கியரு, எவ்ளோ தேஞ்சிருக்குதுன்னு சொல்லிடுவேன்" என்பார். பார்த்திருக்கிறேன், சொல்லிவிடுகிறார். இப்போது ஊர்க்காரர்கள் வண்டியும் அவரிடம் வருகிறது. வேலை முடிந்து ஓட்டிப் பார்க்க ஏறும்போது சீட்டில் பழைய பேப்பரை விரிப்பார்கள். எல்லா மெக்கானிக்குக்கும் அப்படித்தான் விரிப்பார்கள், கிரீஸ் கறைக்காக. இவர் கையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு ஏறின நாளிலும் விரித்தார்கள்.

அவர் உடனே எதையும் கழற்றவில்லை. முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விடச் சொன்னார். என்ஜின் உடனே அடங்கிப்போனால் கிளட்ச் நல்லது. அடங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. எங்களுடையது கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. "பாதி உசுரு இருக்குது" என்றார். அடுத்து நியூட்ரலில் நிறுத்திக் காது வைத்தார். கிளட்சை மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கிற பேரிங். இரண்டும் இல்லை. எல்லாக் கியரும் கடித்தால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்று அர்த்தம், இந்த வண்டிக்குக் கேபிள்தான், நட்டைத் திருகினாலே சரியாகிவிடும். ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் கோளாறு உள்ளே. நூறு ரூபாய் வேலைக்கும் ஐயாயிரம் ரூபாய் வேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதைச் சொல்லாமலே கியர்பாக்ஸை இறக்கிவிடுகிற பட்டறைகள் உண்டு.

பிறகு அடியில் படுத்து ஆயில் நட்டைக் கழற்றினார். வந்தது ஆயில் இல்லை, கஞ்சி. விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "மரத்தூளு" என்றார்.

தேய்ந்துபோன கியர்பாக்ஸில் மரத்தூளைக் கலந்து விட்டால் பல் இடுக்கில் போய் அடைத்துக்கொண்டு சத்தத்தை அமுக்கும். விற்கிற வரைக்கும் வண்டி பேசாது. பிறகு ஆயில் போக வேண்டிய இடமெல்லாம் அடைபட்டு இருந்ததும் தேயும். புரோக்கர்கள் மத்தியில் ரொம்பப் பழைய வித்தை. எனக்குக் கோபம் வந்தது, அவருக்கு வரவில்லை. ஒரு காந்தத்தைக் கஞ்சிக்குள் விட்டு எடுத்தார். இரும்புத் தூள் கொஞ்சம் ஒட்டியது. ஒட்டாமல் மினுக்கிக்கொண்டு கிடந்தது பித்தளை. "பல்லு தப்பிச்சிது. ரிங்குதான் போயிருக்குது" என்றார்.

புரோக்கரிடம் போய்க் கேட்டோம். "பாத்துத்தானம்மா வாங்கினீங்க" என்றார். நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம், அதனால் அம்மா போட்டுப் பேசினார்.

கியர்பாக்ஸ் இறக்கினதோடு கிளட்ச் செட்டும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். இன்னொரு முறை இறக்கினால் கூலி தனி. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் பாக்ஸ் முழுசாகவே கிடைக்கும்தான், ஆனால் அதற்குள் யார் என்ன கலந்திருக்கிறான் என்று எப்படித் தெரியும்? ரிங் புதுசு வாங்கினோம். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். அண்ணன் கூலி வாங்கவில்லை. வாங்கு என்று சண்டை போட்டதற்கு, டீசல் கழுவின கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பணம் சேர மூன்று வாரமானது. நடுவில் ஒரு வாய்தா. அன்றைக்கு நான் ஓட்டின விதத்தை அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். கிளட்சை மிதி, நியூட்ரலுக்குக் கொண்டு வா, கிளட்சை விடு, ஒரு முறை ஆக்சிலேட்டர் கொடு, மறுபடி மிதி, இப்போது இரண்டாவது. வளையம் செய்ய வேண்டிய வேலையைக் காலும் காதும் செய்கிறது. பழைய லாரி டிரைவர்கள் எல்லாரும் இப்படி ஓட்டினவர்கள்தான். ஏரிக்கரையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து இரண்டு நாள் பழகினேன். வாய்தா அன்று பிள்ளையார் கோயில் முனையில் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரிவர்ஸ் மட்டும் பொறுமை கேட்கும். இந்த வண்டியில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுசாக நிற்க வேண்டும், கிளட்சை மிதித்து மூன்று எண்ண வேண்டும். கோர்ட் வளாகத்தில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் கிழவி பின்னாலிருந்து எண்ணுவாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்பப் போடு." குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அவளை ஒன்றரை மணிநேரம் நிற்க வைத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் நிறுத்தித்தான் பதில் சொன்னாள். நாலு பேரில் ஒருவரும் பிறழவில்லை.

1995-ஆம் ஆண்டு விதிகளில் 11-ஆவது விதியின்படி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் போக்குவரத்துச் செலவு தர வேண்டும். பெண் சாட்சிக்கும் அறுபது வயதைத் தாண்டியவருக்கும் துணைக்கு ஒருவர் வரலாம். மூன்று நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தில் இதெல்லாம் உரிமை என்றே 15ஏ பிரிவில் எழுதியிருக்கிறது. நாங்கள் மனு கொடுத்தபோது பஸ் டிக்கெட் எங்கே என்று கேட்டார்கள். பஸ்ஸில் வரவில்லை என்றோம். டாக்சி பில் எங்கே என்றார்கள். சொந்த வண்டி என்றோம். அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து கிழவியை ஒரு முறை பார்த்துவிட்டு, "சொந்த வண்டியா?" என்றார். மனுவைத் திருப்பிக் கொடுத்தார். பெட்ரோல் ரசீதுகளைச் சேர்த்து மறுபடி கொடுத்தோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கிளட்ச் கேபிள் மறுபடி தளர்ந்திருக்கிறது, அடுத்த வாய்தாவுக்குள் அண்ணனிடம் விட வேண்டும்.