பூட்டு என் யோசனை

எங்கள் குடியிருப்புப் பூங்கா காலை பத்து மணிக்கு மூடப்பட்டு மாலை நான்கு மணிக்குத் திறக்கப்படுகிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் இதை மாநகராட்சி உத்தரவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. பகலில் பூட்டலாம் என்று முதலில் சொன்னது நான். மனு எழுதியது நான். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் படியேறியதும் நான். இந்தப் பூங்காவைக் காப்பாற்றியவர் என்று சொல்லிக் குடியரசு தினக் கொடியேற்றத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தப் பூங்காவிலிருந்து யாரையெல்லாம் வெளியேற்றினேன் என்பதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக மனசு அரிக்கிறது.

காப்பாற்றியது பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வேளச்சேரியை ஒட்டிய எங்கள் மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் அது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலை போக மிஞ்சியதில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. நிலத்தைத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் இடத்துக்கும் பத்திரம் இருந்தது. ஆனால் நிலத்தில் மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடந்தன. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஊறிப்போன மெத்தைகளும் சோபாக்களும் அங்கேதான் வந்து விழுந்தன. ஒருவர் ஓரமாக ஷெட் போடவே ஆரம்பித்துவிட்டார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்துத் தானப்பத்திர நகலை வாங்கினேன். பூங்கா இடத்தைக் காக்கிற வழக்குகளைத் தேடித் தேடிப் படித்தேன். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பகுதி மக்களே போட்ட வழக்கு அது. தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். ‘இது பொதுமக்களுக்கு என்று எழுதிக் கொடுத்த இடம், யாரும் சொந்தம் கொண்டாட முடியாது’ என்று அதிகாரிகளிடம் வாதாடினேன். ஷெட் போனது. அந்த வாதத்தை அன்று சொன்ன வாய்தான் பிறகு வேறு மாதிரிப் பேசியது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு இறங்கினோம். கொஞ்சம் நிமிர்கிற நேரத்தில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மறுநாள் பூங்காவுக்குள் கால்வைக்க முடியவில்லை. குல்மொஹரும் மஞ்சள் பூக்கிற பெருங்கொன்றையும் வேரோடு சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வேம்பும் புங்கனும் கிளை முறிந்தாலும் நின்றன. சென்னை முழுக்க அப்போது மரம் விழாத தெருவே இல்லை. எங்களுக்கு மாநகராட்சி வண்டி வர நாளாகும் என்று தெரிந்தது.

பக்கத்து வாரியக் குடியிருப்பிலிருந்து பையன்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். வீட்டிலிருந்து அரிவாளும் எங்கிருந்தோ ஒரு பெரிய ரம்பமும் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து இழுக்க, பெருங்கொன்றையின் அடிமரம் துண்டு துண்டாக வந்தது. கையுறை கிடையாது. ஒருவனுக்கு உள்ளங்கையில் தோல் உரிந்து சதை தெரிந்தது. சட்டைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி ரம்பத்தைப் பிடித்தான். மின்சாரம் இல்லாத தெருவில் நான் கேஸ் அடுப்பில் ரவா உப்புமா கிண்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘மேடம், எங்களுக்கு இங்க விளையாட ஒரு ஓரம் விடுவீங்களா?’ என்று அவன் கேட்டான். ‘இது உங்க பூங்காடா’ என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

புயல் ஓய்ந்தபின் மரங்களைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டோம். ஆழமாக வேர் பிடிக்கிற நம்மூர் மரங்களாகத் தேடி, பூவரசு, மகிழம், நீர்மருது, புங்கன் என்று நட்டோம். அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசியிருந்ததைக் கடப்பாரையால் பெயர்த்து, தண்ணீரும் காற்றும் இறங்க மண்ணைத் திறந்துவிட்டோம். சருகைக் கொளுத்தாமல் குழியில் மக்கவைத்தோம். இந்த வேலைகளில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரம் நடுகிறவர்களுக்கு இன்றும் இதையேதான் சொல்வேன்.

பூங்கா அழகாகத் தொடங்கிய பிறகுதான் நான் கெட்டுப்போனேன். நன்கொடை சேர்ந்தது. நடைபாதைக்கு இன்டர்லாக் கல் வந்தது, நடுவில் கொரியன் புல் வந்தது, ஓரத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசை கட்டின. காலையில் வாக்கிங் போகிறவர்கள் என்னை நிறுத்திப் பாராட்டினார்கள். பையன்கள் அடித்த டென்னிஸ் பந்து பட்டு ஒரு நாள் தொட்டி ஒன்று உடைந்தது. பெரிய சேதமில்லை. ஆனால் நலச்சங்கக் கூட்டத்தில் அதை நான் பெரிதாக்கினேன். நடப்பவர்கள்மேல் பந்து பட்டால் என்ன ஆகும் என்றேன். யார்மேலும் பட்டதில்லை. அறிவிப்புப் பலகைக்கு வாசகம் நானே எழுதினேன்: பந்து விளையாடக் கூடாது, படுத்து உறங்கக் கூடாது, புல்லில் அமரக் கூடாது, உணவு உண்ணக் கூடாது. அதற்கும் அடங்காமல் பையன்கள் வந்தபோது பீட் போலீஸிடம் சொன்னேன். கான்ஸ்டபிள் வந்து ஸ்டம்புக்கு நட்டுவைத்திருந்த கட்டைகளைப் பிடுங்கிப் போட்டார். பெயரையும் வீட்டு முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டார். உள்ளங்கையில் தழும்புள்ள பையன் அந்த வரிசையில் நின்றான். என்னைப் பார்த்தான். நான் அவனைத் தெரியாதவள்போல் நின்றேன். அதன்பின் அவர்கள் வரவில்லை.

அடுத்து பெஞ்சுகள். மதிய நேரத்தில் பெயிண்டர்களும் கொத்தனார்களும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கால் நீட்டுவார்கள். அதைத் தடுக்க ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலும் இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் பண்ணச் சொன்னேன். கைப்பிடி என்று கணக்கில் எழுதினோம். வயதானவர்கள் பிடித்து எழுந்திருக்க வசதி என்று கேட்டவர்களிடம் விளக்கினேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் குழறவேயில்லை.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஊர் முழுக்க குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. பூங்கா போர்வெல்லில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாரியக் குடியிருப்புப் பெண்கள் குடம் கொண்டுவரத் தொடங்கியதும் குழாய்க்கு இரும்புப் பெட்டி மாட்டிப் பூட்டினோம். புல்லுக்கு மாலையில் தண்ணீர் விட்டோம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பகல் பூட்டு கடைசியாக வந்தது. பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பு கருதி என்று மனுவில் எழுதினேன். எந்தப் பெண்ணுக்கும் எந்தக் குழந்தைக்கும் அங்கே எதுவும் நடந்ததில்லை. உண்மையில் பகலில் பூங்காவுக்கு வந்ததில் பாதிப்பேர் பெண்கள்தான். நாலு வீட்டில் வேலை பார்க்கிறவர்கள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தைப் போக்க அவர்களுக்கு வேறு நிழல் கிடையாது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்களை உட்காரச் சொல்லியிருப்போமா? நான் சொன்னதில்லை.

அக்னி நட்சத்திர நாள் ஒன்றில் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பூங்காவின் வெளிச்சுவரை ஒட்டி, ரோட்டோரத்தில், ஓர் அம்மா உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பச்சைக் கோட்டு. பக்கத்தில் துடைப்பமும் தள்ளுவண்டியும். தினமும் காலையில் இந்தப் பூங்காவைப் பெருக்குகிற தூய்மைப் பணியாளர்தான். உள்ளேயிருந்த புங்கன் சுவரைத் தாண்டிக் கிளை நீட்டியிருந்தது. அந்தத் துண்டு நிழலில் உடம்பு அடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வெயிலில் கிடந்தது. ஒவ்வொரு ஸ்கூட்டர் போகும்போதும் தூசி விழாமல் டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டார்.

‘ஏம்மா, இங்க உக்காந்திருக்கீங்க?’ என்றேன்.

‘உள்ள பூட்டியிருக்காங்களேம்மா’ என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

சாவி என் கைப்பையில் இருந்தது. மருந்துச் சீட்டைத் தேடும்போது விரலில் தட்டுப்பட்ட அதே சாவி. ‘நாலு மணிக்குத் தொறப்பாங்க’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கேட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் முழுக்க யோசித்தேன். இவருக்குத் திறந்தால் நாளை பெயிண்டர் வருவார், அடுத்த நாள் பையன்கள் வருவார்கள், சங்கத்தில் என்னைக் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டு, சாப்பிடவும் செய்தேன்.

சேவை செய்கிறேன் என்ற எண்ணமே இதற்கெல்லாம் எனக்குத் துணிச்சல் கொடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். மண் சுமந்தவளுக்கு, வெயிலில் நின்றவளுக்கு, யார் வரலாம் யார் வரக்கூடாது என்று சொல்கிற உரிமை வந்துவிடும் என்று நம்பினேன். அப்படி ஓர் உரிமை உண்டென்றால் உள்ளங்கை உரிந்த பையனுக்கும் தினம் பெருக்குகிற அந்த அம்மாவுக்கும் எனக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் பாதியில் நின்றுவிடும். வியர்வை நாறுகிற ஆட்கள் நான் வளர்த்த புல்லுக்குப் பக்கத்தில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. பாதுகாப்பு, ஒழுங்கு, பராமரிப்பு என்று எத்தனை காரணம் அடுக்கினாலும் அடியில் இருந்தது இந்த அருவருப்புதான். அதை என் பிள்ளைகளிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

பகலில் திறந்துவைத்தால் பிரச்சினையே வராது என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வருகிறவர்கள் வருவார்கள், பாட்டில் கிடக்கும், தொட்டி உடையும். அதற்கு ஓர் ஆளைப் போடலாம், நாங்களே முறைவைத்து உட்காரலாம். ஞாயிறுதோறும் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இது பெரிய காரியமா? குப்பைமேட்டைப் பூங்கா ஆக்க முடிந்த எங்களுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கேட்டைத் திறந்துவைக்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்?

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பூட்டை எடுக்க வேண்டும், பெஞ்சுக் கம்பிகளை அறுக்க வேண்டும், ஒரு மூலையைப் பையன்களுக்கு விட வேண்டும் என்றேன். நான் செய்த பொய்க்கணக்கையும் எழுந்து நின்று சொன்னேன். என்னோடு நின்றவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் வருத்தப்பட்டார்கள், வயதாகிவிட்டதால் மனசு இளகிவிட்டது என்று ஒருவர் ஆறுதல்கூடச் சொன்னார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அதை வாங்கிக்கொள்ள உடனே ஒரு கை நீண்டது.

பிறகு பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறேன். வாரியக் குடியிருப்பிலிருந்து கையெழுத்து வாங்கப் போனபோது, உப்புமா சாப்பிட்ட பையன்களில் ஒருவன் கதவைத் திறந்தான். இப்போது உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். பகலில் வண்டியை நிறுத்தி உட்கார இடமில்லாமல் ஏ.டி.எம். வாசலில் நிற்கிறவர்களில் அவனும் ஒருவன். மனுவை முழுக்கப் படித்தான். ‘அந்த போர்டு நீங்க எழுதினதுதானே மேடம்?’ என்றான். ஆமாம் என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் போனில் ஆர்டர் வந்துவிட்டது, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

என் மனுவை எதிர்த்து நலச்சங்கமும் ஒரு மனு கொடுத்திருக்கிறது. வார்டு அலுவலகத்தில் எனக்கு அதைக் காட்டினார்கள். பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பு கருதி என்று தொடங்குகிறது. முதல் பக்கம் முழுக்க, கமா முற்றுப்புள்ளி உட்பட, நான் எழுதியது.