பேரக் குழந்தைகளின் நடைக்கேற்ற பெர்ன் நகரம்

ஆரே நதி மூன்று புறமும் வளைத்தோட, நடுவே மேடாக நீண்டு கிடக்கும் நகரம் பெர்ன். ஸ்விட்சர்லாந்தின் நாடாளுமன்றம் இங்கேதான் கூடுகிறது. எனினும் தலைநகருக்குரிய ஆரவாரம் எதுவும் இவ்வூரில் இல்லை. பழைய நகரின் ஒரு கோடியில் இரயில் நிலையம். மறுகோடியில், ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கரடிப் பூங்கா. இரண்டுக்கும் இடையே நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். மகன், மருமகள், பேரக் குழந்தைகளுடன் ஐரோப்பாவில் நாலைந்து நாள் தங்கி வர எண்ணும் முதியோருக்கு, ஊரின் இந்தச் சிறிய அளவே பெரிய அனுகூலம்.

பத்து நாளில் ஏழு நாடுகளைக் காட்டும் பயணத் திட்டங்கள் ஏராளம். விடியுமுன் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும். ஓரிடத்தில் இறங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏற வேண்டும். நாற்பது வயதினருக்கு அது இயலும். நான்கு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் அது தண்டனை. இவ்விருவரின் தேவைகளும் ஏறக்குறைய ஒன்றே: வேளைக்கு உணவு, நண்பகலில் உறக்கம், அருகில் கழிப்பறை, அமர ஒரு நிழல். ஆகவே திட்டம் வகுக்கும்போது குடும்பத்தின் மிகச் சிறிய கால்களையும் மிக மூத்த முழங்கால்களையும் முதலில் கணக்கில் கொள்வது நலம். காலையில் ஒரே ஓர் இடம், மாலையில் ஒரு பூங்கா, இடையில் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யையும் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் வீட்டின் இளையவர்கள் அதை நிரப்பிவிடுவார்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஷெங்கன் விசாவுக்குக் கைக்குழந்தையாயினும் தனிப் பாஸ்போர்ட்டும் தனி விண்ணப்பமும் வேண்டும். 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விசாக் கட்டணம் இல்லை. 12 வயதுக்குட்பட்டவர்க்குக் கைரேகைப் பதிவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கோடை விடுமுறையில் செல்வோர் தை, மாசியிலேயே தொடங்கிவிடலாம். தாத்தாவும் பாட்டியும் மட்டுமே பேரனை அழைத்துச் செல்வதானால், பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் கையிலிருக்க வேண்டும்.

பலரும் எண்ணிப் பாராதது கடிகாரம். இந்தியாவில் காலை 6 மணி என்பது, கோடைக் காலத்தில் அங்கே பின்னிரவு 2.30. முதல் இரண்டு நாள்கள் குழந்தைகள் அந்நேரத்தில் விழித்தெழுந்து பசிக்கிறது என்பார்கள். அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவு 10 மணிக்குமேல் ஓசையெழுப்பலாகாது என்பது கண்டிப்பான வழக்கம். பேரன் கூடத்தில் ஓடினால் கீழ்வீட்டார் மறுநாள் நின்று பேசுவார்கள். வண்ணப் பென்சிலும் வரைதாளும் கைப்பையிலேயே இருப்பது நல்லது. அந்த வேளையில் கதை சொல்லத் தூக்கம் வராத தாத்தாவைவிடத் தகுந்தவர் யார்? ஆனி மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 9 மணிக்கு மேலாகும். வெளிச்சத்தை நம்பினால் குழந்தைகள் உறங்கமாட்டார்கள். திரையை இழுத்துவிட வேண்டும்.

தங்குமிடம் சமையலறையுடன் அமைந்தால் பாதிக் கவலை தீரும். அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் யாவும் கிடைக்கும். ஆனால் ஊரிலிருந்து நெய்யும் பால்கோவாவும் கட்டிக்கொண்டு போகலாகாது. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பாற்பொருள்களைக் கொண்டுவர ஸ்விட்சர்லாந்து அனுமதிப்பதில்லை. பாட்டிமார்களுக்கு இது மனத்தாங்கலாக இருக்கும். எனினும் பசுக்களுக்குப் பேர்போன நாட்டில் நல்ல வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை, அங்கேயே உருக்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். இரயில் நிலையத்துக் கடைகளே துணை. சனிக்கிழமை மாலையே பால் வாங்கி வைத்துவிட வேண்டும்.

1191-இல் ஸெரிங்கன் வம்சத்து பெர்ஃடோல்டு என்ற பிரபு நிறுவிய ஊர் இது. 1405-இல் பெருந்தீ மர வீடுகளை விழுங்கியது. பிறகு மணற்கல்லால் எழுந்த நகரம் அதே அமைப்பில் இன்றும் நிற்கிறது; 1983-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தெருக்களின் இருமருங்கும் வளைவுத் தூண்களுடன் கூடிய நடைபாதை மண்டபங்கள், மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர். கோயில் பிராகாரத்தில் நடந்து பழகிய கால்களுக்கு இவை அந்நியமாகத் தோன்றா. மழை பெய்தாலும் குழந்தையின் தள்ளுவண்டி நனையாது. தெருவுக்குத் தெரு கல் நீரூற்றுகள். அவற்றின் நீர் பருகத் தக்கது என்பதால் செம்பை நிரப்பிக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்குப் பெருவிருந்து மணிக்கூண்டுதான். 'ஸிட்குளோகே' என்ற அக்கோபுரத்தில் 1530-இல் காஸ்பர் புரூனர் அமைத்த இயந்திரம் இன்னும் இயங்குகிறது. மணியடிக்கச் சில நிமிடங்களுக்கு முன்னரே சென்று நிற்க வேண்டும். பொம்மைச் சேவல் கூவும். கரடிகள் ஊர்வலமாகச் சுற்றி வரும். நேரம் வருமுன்பே அவசரப்பட்டு மணியடித்துவிடுவான் ஒரு கோமாளி. மேலே பொன்னிற வீரன் முறைப்படி மணியை அடிப்பது அதன் பிறகுதான். அருகிலேயே, வாயில் ஒரு குழந்தையும் சாக்கில் பல குழந்தைகளுமாக அமர்ந்திருக்கும் அரக்கனின் நீரூற்றுச் சிலை உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் இதை ஏன் வைத்தார்கள் என்பதற்கு விளக்கங்கள் பல. பகாசுரன் கதை கேட்டு வளர்ந்த பேரக் குழந்தைகள் அஞ்சமாட்டார்கள். பீமன் எங்கே என்று கேட்பார்கள்.

நாடாளுமன்றத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் கோடையில் 26 நீர்த்தாரைகள் தரையிலிருந்து எழும், மாநிலத்துக்கு ஒன்றாக. உள்ளூர்க் குழந்தைகள் அவற்றினூடே ஓடி விளையாடுவார்கள். மாற்றுடை ஒன்று பையில் இருந்தால் பேத்தியைத் தடுக்க வேண்டியதில்லை. நகரின் சின்னமான கரடிகளை முன்னர் குழியில் அடைத்து வைத்திருந்தனர். 2009 முதல் அவை ஆற்றங்கரைச் சரிவில் விசாலமாக உலவுகின்றன. பார்க்கக் கட்டணமில்லை. குளிர்காலத்தில் மட்டும் அவை உறங்கப் போய்விடும்.

கரடிப் பூங்காவுக்கு மேலே உள்ளது ரோஜாத் தோட்டம். ஏற்றம் செங்குத்து, முதியோர் பேருந்தில் செல்வதே நன்று. பழைய நகரமும் நதியின் வளைவும் அங்கிருந்து ஒருங்கே தெரியும். குழந்தைகளின் ஊஞ்சலும் பெரியோரின் இருக்கையும் ஒரே பார்வையில் அடங்கும். மற்றொரு நாளைக்கு குர்டன் மலை: 1899 முதல் இழுவை இரயில் ஏற்றிச் செல்கிறது, உச்சியில் புல்வெளியும் சிறுவர் இரயிலும் உண்டு. ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை வாழ்ந்த வீடு கிராம்காஸே 49-இல் இருக்கிறது. குறுகிய படிகள் ஏற வேண்டும். குழந்தைகளுக்கு அங்கே வேலையில்லை. அவர்கள் உறங்கும் நேரத்தில் தாத்தா மட்டும் போய்வரலாம்.

அன்பர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்க வேண்டிய இடம் 'சமயங்களின் இல்லம்'. ஐரோப்பாச் சதுக்கத்தில், டிராம் நிறுத்தத்தின் எதிரிலேயே, 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட கட்டடம் அது. இந்து ஆலயம், மசூதி, கிறிஸ்தவத் தேவாலயம், பௌத்த மையம், அலெவி சமூகத்தின் வழிபாட்டிடம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின் கீழ் அமைந்துள்ளன. 1980-களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர் பலர் தொடக்கத்தில் உணவகச் சமையலறைகளில் உழைத்தனர். சிறு சிறு கூடங்களில் வழிபட்டனர். அவர்களின் சைவநெறிக்கூடம் இங்கே ஞானலிங்கேச்சுரர் திருக்கோயிலை எழுப்பியுள்ளது. வழிபாடு தமிழில் நடக்கிறது. பெண்களும் பூசை செய்கின்றனர். நம்மூரில் வளர்ந்த பெரியோர் சிலருக்கு இது புதுமையாக இருக்கலாம். பயணத்தில் மூன்று நாள் அறியாத மொழியையே கேட்டுச் சோர்ந்த பாட்டியின் காதில், தீபாராதனை வேளையில் தமிழ் விழுவதன் அருமை அங்கே நின்றவர்க்கே விளங்கும். பக்கத்துக் கதவைக் காட்டி அங்கே யார் இருக்கிறார்கள் என்று பேரன் கேட்டால், விடை சொல்ல நேரம் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பளிங்குப் பச்சை நிறத்தில் ஓடும் ஆரேயில் உள்ளூரார் குதித்து மிதந்து செல்வதைக் கண்டு, தாமிரபரணியில் நீந்தியவர்களுக்குக் கைகால் துறுதுறுக்கும். அதன் இழுப்பு கடுமையானது, நீரும் குளிர்ந்தது. குழந்தைகளுடன் கரையோடு நிற்பதே தகும்.

ஜூரிக் விமான நிலையத்திலிருந்து பெர்னுக்கு நேர் இரயிலில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். 6 வயதுக்குட்பட்டோர்க்குக் கட்டணமில்லை. இரண்டடுக்கு விரைவு இரயில்களில் குடும்பப் பெட்டி என ஒன்று உண்டு. அதன் மேல்தளத்தில் குழந்தைகள் விளையாடச் சறுக்குமரம் அமைத்திருக்கிறார்கள். எந்தப் பெட்டி என்பதை நடைமேடைப் பலகையில் முன்கூட்டியே பார்த்து, அதற்கெதிரே போய் நின்றுகொள்ள வேண்டும். வண்டி நின்றபின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓட நேரமிருக்காது.